மேற்கு ஜன்னலுக்கு என்ன மாட்டுவது?

ஸ்கிரீன் துணி வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "சோபா என்ன கலர் மேடம்?" அடுத்தது, "பட்ஜெட் எவ்வளவு?" ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று இதுவரை ஒரு கடைக்காரரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் மாட்டுகிற துணி எத்தனை வருஷம் வரும் என்பதை முடிவு செய்வது அந்த ஜன்னல்தான். அதில் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, சாரல் அடிக்குமா, தினமும் யார் கை அதை இழுக்கப்போகிறது, இதெல்லாம் யோசிக்காமல் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு "நல்ல கனமா இருக்கு, ரொம்ப நாள் உழைக்கும்" என்று சொல்வது சும்மா வியாபாரப் பேச்சு.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஹால் ஜன்னல் மேற்கே, படுக்கையறை ஜன்னல் கிழக்கே. இரண்டுக்கும் ஒரே தானிலிருந்து வெட்டிய காட்டன் துணிதான் தைத்து மாட்டினோம். கிழக்குப் பக்கத்தது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் கொஞ்ச நேரம் வரும், அப்புறம் எதிர்க் கட்டடம் மறைத்துவிடும். மேற்குப் பக்கத்தது பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் துவைக்க எடுத்து நனைத்துப் பிழிந்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வருகிறது. மடிப்பில் வெளியே துருத்திக்கொண்டிருந்த பகுதி, அதாவது தினமும் வெயில் பட்ட பகுதி, முழுக்க இத்துப்போயிருந்தது. உள்ளே மடங்கியிருந்த பட்டைகள் புதிது போல இருந்தன.

வெயில் துணியை வெறுமனே வெளுப்பதில்லை, நூலையே அறுக்கிறது. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், மிச்சம் உள்ளே வந்துவிடும். பருத்தி அதில் மெதுவாக பலம் இழக்கும். பட்டு ரொம்ப மோசம். யாராவது பழைய பட்டுப்புடவையை ஸ்கிரீனாகத் தைக்கலாம் என்று ஐடியா கொடுத்தால், வெயில் விழாத ஜன்னலாகப் பார்த்து மாட்டுங்கள். நைலானும் வெயிலுக்கு ஆகாது. பாலியஸ்டர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் ஆச்சரியமாகத் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அதை அதிகம் சேதப்படுத்துகிற குறைந்த அலைநீளக் கதிர்களைக் கண்ணாடியே பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. "பாலியஸ்டரா, சீ" என்று நானும் முகம் சுளிக்கிற ஆள்தான், உடுத்துகிற துணி என்றால். ஜன்னலில் தொங்குகிற துணிக்கு வியர்வையும் இல்லை, புழுக்கமும் இல்லை. மேற்கு ஜன்னலுக்கு பாலியஸ்டர், அல்லது பாலியஸ்டர் அதிகம் கலந்த காட்டன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

திசை விஷயத்தில் இன்னொன்று. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் இங்கே உச்சிவெயிலே கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் அடிக்கும், ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து கிட்டத்தட்ட 24 டிகிரி வடக்கே தள்ளி அஸ்தமிக்கும். அதனால் கோடையில் வடக்கு ஜன்னலுக்கும் சாயங்காலச் சாய்வெயில் உண்டு. தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை மாதங்களில் வரும், அந்த வெயில் சுகமானது, ஆனால் துணிக்கு அதுவும் வெயில்தான். புது வீட்டுக்குப் போனதும் ஸ்கிரீன் வாங்க ஓடாமல் பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ கட்டிவிட்டு எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழுகிறது என்று கொஞ்ச நாள் பாருங்கள். உறவுக்காரர்கள் வந்து பார்த்து ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

சரி, துணிக்கு வருவோம். கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கனமாகத் தெரிகிற துணி சில சமயம் கஞ்சி ஏற்றிய துணியாக இருக்கும், ஒரு மூலையை நன்றாகக் கசக்கினால் வெள்ளையாகப் பொடி உதிரும், துவைத்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். நெய்யும்போதே சாய நூலால் கோடும் கட்டமும் போட்ட துணி, அச்சடித்த துணியைவிட அழகாக வயதாகும். நூல் முழுக்கச் சாயம் ஏறியிருப்பதால் வெளுத்தாலும் சீராக வெளுக்கும். அச்சு மேல்முகத்தில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும், பூ பாதி மறைந்து இலை மட்டும் நிற்கும். கரூர் பக்கம் ஏற்றுமதிக்கு நெய்கிற வீட்டுத் துணிகளில் இந்த சாயநூல் ரகம் நிறைய கிடைக்கும். சென்னையில் எழும்பூர் பாந்தியன் சாலையோரக் கடைகளில் ஏற்றுமதி மிச்சத் துணிகளைக் கிளறினால் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும். ஒரே தானில் வீட்டுக்குத் தேவையான மொத்தமும் இருக்கிறதா என்று அளந்து வாங்கிவிடுங்கள், அடுத்த வாரம் போனால் அதே துணி இருக்காது. ஈரக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் துவைப்பில் சாயம் ஒட்டுமா என்று ஓரளவு தெரியும், வெயிலில் நிற்குமா என்பது அதில் தெரியாது. அதற்குத் தனி அளவு இருக்கிறது. நீலக் கம்பளித் துணிகளை வைத்து 1 முதல் 8 வரை கொடுக்கும் தரம், 8 என்றால் நிறம் அசையாது. பெரிய கடைகளின் சாம்பிள் புத்தகத்தில் சில துணிகளுக்குப் பின்னால் போட்டிருப்பார்கள். மேற்கு ஜன்னலுக்கு 6க்குக் கீழே இருந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

காட்டன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் (எங்கள் அத்தை மாதிரி) முதலில் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, அப்புறம் தைக்கக் கொடுங்கள். சுருங்கும் துணி நூற்றுக்கு நாலு சுருங்கினாலும் ஏழடி ஸ்கிரீனில் மூன்று அங்குலத்துக்கு மேல் போய்விடும். ஜன்னல் ஸ்கிரீன் என்றால் கண்டுகொள்ள மாட்டோம், கதவு ஸ்கிரீன் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றால் பார்க்கச் சகிக்காது.

துணியைவிட முக்கியம் என்று நான் நினைப்பது லைனிங். ஸ்கிரீனுக்குப் பின்னால், கண்ணாடியைப் பார்க்கிற பக்கம், விலை குறைந்த வெள்ளை அல்லது சந்தன நிறத் துணி. வெயில் முழுவதையும் அதுதான் வாங்கிக்கொள்ளும், முன்னால் இருக்கிற நல்ல துணி பிழைத்துக்கொள்ளும். சில வருஷத்தில் லைனிங் இத்துப்போகும், போகட்டும், அதற்காகத்தானே அது இருக்கிறது. பிரித்துவிட்டு வேறு தைத்துக்கொள்ளலாம். ஆனால் டெய்லரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், லைனிங்கை மெயின் துணியோடு சுற்றிலும் சேர்த்து அடிக்காமல் மேலே மட்டும் பிடித்து, கீழே தனித்தனியாக மடித்து அடிக்கச் சொல்லி. அப்போதுதான் பிரிப்பது சுலபம், இரண்டு துணியும் வேறு வேறு அளவில் சுருங்கினாலும் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழாது. எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, இவ்ளோ வேலை யாரும் கேக்கறதில்ல, கூலி கூட ஆகும்" என்றார். ஆகட்டும் என்றேன். அவரிடமே இன்னும் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். பாலியஸ்டர் நூலால் தைக்கவேண்டும், ஏனென்றால் வெயிலில் துணிக்கு முன்னால் தையல் நூல்தான் விடும். கீழ்மடிப்பு நாலு அங்குலம், இரட்டை மடிப்பாக இருக்கவேண்டும், சுருங்கினால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

அகலத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஜன்னல் ஐந்தடி என்றால் துணி குறைந்தது பத்தடி வேண்டும், நாலடி அகலத் துணி என்றால் மூன்று பீஸ். துணி போதாமல் இழுத்து மூடுகிற ஸ்கிரீனில் ஒவ்வொரு தடவையும் வளையத்தைச் சுற்றி இழுவை விழுந்து அங்கேதான் முதலில் கிழியும்.

பிளாக்அவுட் துணியில் இரண்டு ஜாதி இருக்கிறது, கடையில் இரண்டையும் ஒரே பேரில்தான் விற்பார்கள். ஒன்று, நடுவில் கறுப்பு நூல் வைத்து மூன்றடுக்காக நெய்தது. இன்னொன்று, சாதாரணத் துணிக்குப் பின்னால் ரப்பர் மாதிரி பூச்சு ஏற்றியது. பூச்சுத் துணிதான் வெளிச்சத்தை முழுக்க அடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் நம் ஊர் சூட்டிலும் ஈரத்திலும் அது மடிப்பில் ஒட்டிக்கொள்ளும், வெடிக்கும், மெஷினில் போட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். மூன்றடுக்கு நெசவு கொஞ்சம் வெளிச்சத்தை விடும், ஆனால் துவைக்கலாம். நைட் ஷிப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர் வீட்டில் இருந்தால் மட்டும் பூச்சுத் துணியைப் பற்றி யோசிக்கலாம், மற்றவர்களுக்கு நெசவே போதும்.

கடற்கரைப் பக்கம் வீடு என்றால் துணியைவிட முன்னால் சாவது கம்பி. பளபளவென்று குரோம் பூசிய இரும்புக் குழாய், கடையில் மாட்டியிருக்கும்போது கண்ணைப் பறிக்கும். உப்புக்காற்று பட்டதும் முதலில் சின்னச் சின்னப் புள்ளி வரும், அப்புறம் பூச்சு உரியும், அப்புறம் வளையம் நகராது, கடைசியில் துருக்கறை துணியில் இறங்கிவிடும், அந்தக் கறையை எந்த சோப்பும் எடுக்காது. கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். அழுத்தமாக ஒட்டினால் அது பெரும்பாலும் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், ஆனால் எந்த ஸ்டெயின்லெஸ் என்று காந்தம் சொல்லாது. கடையில் கிடைக்கிற 202, 304 என்ற இரண்டு ரகமுமே காந்தத்துக்குச் சரியாகப் பிடிகொடுக்காது. 304இல் நிக்கல் அதிகம், துருவை நன்றாகத் தாங்கும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் பிரச்சினையில்லை, கடலோரத்தில் பழுப்பு படரும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்னொரு வழி அலுமினியம் டிராக் (கம்பிக்குப் பதில் ஸ்கிரீன் ஓடுகிற பள்ளப் பட்டை), எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, கண்ணுக்கும் தெரியாது, துருவும் பிடிக்காது. வளையம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், உலோக வளையம் கறுத்துப்போகும். ஸ்குரூ மட்டும் சாதா ஸ்குரூ போட்டுவிடுவார்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

கம்பி ஆறடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும், இல்லையென்றால் தொய்யும். சுவரும் முக்கியம். ஜன்னலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட், சாதாரண டிரில்லில் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காது, மாட்ட வருகிற பையன் அவசரத்தில் அதிலேயே பிளக்கைச் சொருகி ஸ்குரூவைத் திருகிவிட்டுப் போய்விடுவான். ஹேமர் டிரில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். புது அடுக்குமாடிகளில் லிண்டலைத் தாண்டிப் போனால் வெள்ளையான ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவராக இருக்கும், அது மெத்து, சாதா ராவல்பிளக் அதில் பிடிக்காமல் சுற்றும். அதற்கென்று நீளமான நைலான் பிளக் கிடைக்கிறது. வீட்டில் ஸ்கிரீனில் தொங்கி ஊஞ்சலாடுகிற வயதில் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தியை மறுபடியும் ஒரு தடவை படிக்கலாம்.

இப்போது எல்லோரும் கேட்பது பிளைண்ட்ஸ். ரோலர், ஜீப்ரா, வெனிஷியன், செங்குத்துப் பட்டை, நாலும் நாலு விதம். பார்க்க நறுவிசாக இருக்கும், இடத்தை அடைக்காது, ஆபீஸ் மாதிரி ஏசி போட்டு ஜன்னலையே திறக்காத அறைக்குப் பொருத்தம். நம் வீடுகளில் ஜன்னல் திறந்தே இருக்கும், காற்றும் தூசும் உள்ளே வரும். எதிர் ஃபிளாட் மாமி ஹாலுக்கு ஜீப்ரா பிளைண்ட் போட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடுக்குத் துணி, நடுவில் தூசி படிந்தால் துடைக்கவும் கை போகாது, கழற்றித் துவைக்கவும் வழியில்லை. அப்புறம் அதை ஏற்றி இறக்குகிற மணிச்சங்கிலி ஒரு நாள் வழுக்க ஆரம்பித்தது. போட்ட கடையில், "அந்த மாடல் இப்ப வர்றதில்ல, முழுசா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். துணி நன்றாக இருக்கிறது, மெக்கானிசம் போய்விட்டது, மாமி அதைச் சுருட்டிப் பரணில் போட்டிருக்கிறார். பிளைண்ட்ஸ் வாங்குவதாக இருந்தால் சங்கிலி ஓடுகிற சுழல்பகுதி தனியாகக் கிடைக்குமா, யார் வந்து மாற்றுவார்கள், எவ்வளவு ஆகும், இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். சங்கிலி உலோகத்தில் இருந்தால் நல்லது. படுக்கைவாட்டில் பட்டைகள் அடுக்கிய வெனிஷியனில் மரப் பட்டை மழைக்காலத்தில் வளையும், அலுமினியப் பட்டை ஒரு தடவை மடங்கினால் மடங்கியதுதான்.

தொங்குகிற கயிறும் சங்கிலியும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆபத்து, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களால் அமெரிக்காவில் 2018 கடைசியிலிருந்து கடையில் ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்ஸில் குழந்தை கைக்கு எட்டுகிற கயிறு கூடாது என்று தரவிதியையே மாற்றினார்கள். நம் வீட்டில் செய்யக்கூடியது, கயிற்றின் அடிமுனை தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே இருக்கிற மாதிரி சுவரில் கொக்கி போட்டு இறுக்கிக் கட்டுவது, கட்டிலையும் நாற்காலியையும் அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுவது. கைக்குழந்தை இருந்தால் கயிறே இல்லாத துணி ஸ்கிரீன்தான் என் சிபாரிசு.

சூடு குறையவேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், உள்ளே மாட்டுகிற எதுவும் பாதி வேலைதான் செய்யும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலில் பெரும்பங்கு வீட்டுக்குள் வந்த சூடுதான், அடர்நிற ஸ்கிரீன் அதைக் குடித்துவிட்டு அறைக்குள்ளேயே கக்கும். வெள்ளை லைனிங் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். வெளியிலேயே மறித்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால்தான் பழைய வீடுகளில் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி தொங்கியது, கோடையில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். மூங்கில் தட்டி இன்றைக்கும் நல்ல தேர்வுதான், ஒரே எதிரி வண்டு. மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்காக அது துளை போடும், கீழே மஞ்சளாக மாவு கொட்ட ஆரம்பித்தால் தட்டியின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த மூங்கிலா என்று கேட்டு வாங்குங்கள். கட்டுகிற நூல் பருத்தியாக இருந்தால் ஒரே மழைக்காலத்தில் அறுந்துவிடும், நைலானும் வெயிலில் நாளாக நாளாகப் பொடியும், பாலியஸ்டர் நூல் தேவலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் தட்டியைச் சுருட்டி மேலே கட்டிவிடவேண்டும், தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

அழகு முக்கியமில்லை, பால்கனிதானே என்றால் நர்சரிகளில் கட்டுகிற பச்சை நிழல்வலை. 50, 75, 90 சதவீதம் என்று நிழலின் அளவுப்படி வரும். 75 போதும், காற்றும் வரும். புற ஊதாத் தடுப்பு சேர்த்த வலையாகப் பார்த்து வாங்கவேண்டும். பார்க்க நர்சரி மாதிரிதான் இருக்கும், எங்கள் அசோசியேஷனில் பச்சைக்கு எதிர்ப்பு வந்து கறுப்பு வலையில் சமரசம் ஆனது தனிக் கதை.

சமையலறைக்குத் துணி வேண்டாம். அடுப்புப் பக்கத்தில் பறக்கிற பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகி ஒட்டும், தீ இல்லாவிட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். மறைவு வேண்டுமென்றால் கண்ணாடியில் பனி மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பாத்ரூமுக்கும் அதேதான்.

துவைப்பதில்தான் பாதி ஸ்கிரீன் சாகிறது. வருஷக்கணக்காகத் தூசி ஏறவிட்டுப் பொங்கலுக்கு ஒரேயடியாக மெஷினில் போட்டு அடிப்பதைவிட அவ்வப்போது உதறிவிடுவது மேல், தூசி நூலுக்குள் உரசிக்கொண்டே இருக்கும். பிளீச் கூடவே கூடாது. முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தோடு மறுபடி கம்பியிலேயே மாட்டிவிட்டால் தன் பாரத்திலேயே சுருக்கம் விட்டுக் காய்ந்துவிடும், இஸ்திரியும் மிச்சம். மாட்டும்போது வலது பீஸை இடதுக்கும், கிழக்கு ஜன்னலில் இருப்பதை மேற்குக்கும் மாற்றிப் போடுங்கள், அதற்காகவே எல்லா ஜன்னலுக்கும் ஒரே உயரத்தில் தைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீடு, ஓனர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார் என்றால், ஜன்னல் குழிக்குள் இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கிற ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது. நாலடி வரைக்கும் மெல்லிய துணியைத் தாங்கும், லைனிங் போட்ட ஸ்கிரீனைத் தாங்காது, ராத்திரியில் தொபீர் என்று விழுந்து எல்லோரையும் எழுப்பும். அந்த மாதிரி வீட்டில் நான் நல்ல துணியில் பணத்தைப் போடமாட்டேன். டிராக்கையும் ஓனரே போட்டுக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் சாதா வெள்ளை பாலியஸ்டர் துணி, வளையம் வைக்காமல் மேலே குழாய் போல மடித்து அடித்தது போதும். அடுத்த வீட்டு ஜன்னல் எந்த அளவில் இருக்குமோ, எந்தத் திசையில் இருக்குமோ, யார் கண்டது.